மேல்தாடையில் எலும்பு 4 மி.மீ.தான் என்றால் சைனஸ் லிஃப்ட் கட்டாயமா?

கேட்கப்பட்ட விஷயம் இதுதான். மேல்தாடையின் இடப்பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கி நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது இம்ப்ளான்ட் (எலும்பில் திருகாணி போலத் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம் என்று போனால், ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல் மருத்துவர், "எலும்பு 4 மி.மீ. உயரம்தான் இருக்கிறது. முதலில் சைனஸ் லிஃப்ட் செய்து எலும்புத் தூள் வைப்போம், இம்ப்ளான்ட் அதற்கு அப்புறம்தான்" என்கிறார். இது உண்மையிலேயே தேவையா, சைனஸில் கை வைத்தால் பின்னால் தொந்தரவு வராதா, அடிக்கடி சளி பிடிக்கிற உடம்புக்கு இது ஒத்துவருமா?

உங்கள் மருத்துவர் சொன்னது சரியான வழக்கமான வழிதான். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்தச் சளி விஷயத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். எலும்பு குறைவாக இருப்பதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. மூக்கும் சைனஸும் ஆரோக்கியமாக இல்லாமல் அங்கே எலும்பு வைத்தால், வைத்ததெல்லாம் சீழ் பிடித்து வெளியே வரக்கூடும்.

முதலில் எலும்பு எங்கே போனது என்று பார்ப்போம். கன்னத்து எலும்புக்கு உள்ளே, மேல் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு நேர் மேலே, காற்று நிரம்பிய ஒரு அறை இருக்கிறது. அதுதான் மேல்தாடை சைனஸ். பெரியவர்களுக்கு அதன் கொள்ளளவு சராசரியாக 12 முதல் 15 மில்லிலிட்டர் வரை இருக்கும். பல் இருக்கும்வரை மெல்லும் விசை வேர் வழியாக எலும்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வேலை இருப்பதால் எலும்பும் நிலைத்து நிற்கும். பல் போனதும் ஈறுப் பக்கத்திலிருந்து எலும்பு கரைகிறது. அதே நேரத்தில் சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரிகிறது. இப்படி இரண்டு பக்கமும் அரித்து, கடைசியில் 3, 4 மி.மீ. மட்டும் மிஞ்சுவது சாதாரணமாக நடப்பதுதான். ஈறு நோயாலோ வேர் நுனியில் சீழ் கட்டியோ பிடுங்கிய பல்லாக இருந்தால், பிடுங்கும்போதே எலும்பில் ஒரு பங்கு போயிருக்கும். போதாததற்கு, மேல்தாடையின் பின்பக்க எலும்பு இயல்பிலேயே மிருதுவானது. கீழ்த்தாடையைப் போல இறுக்கமாகத் திருகாணியைப் பிடித்துக்கொள்ளாது. வழக்கமாக அங்கே வைக்கிற இம்ப்ளான்ட் 8 அல்லது 10 மி.மீ. நீளம் இருக்கும். 4 மி.மீ. எலும்பில் அதை வைத்தால் பாதி சைனஸுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், மீதிப் பாதிக்கும் பிடிமானம் போதாது. இம்ப்ளான்ட் அப்படியே நழுவி சைனஸுக்குள் போய்விட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதை எடுக்கத் தனியாக இன்னொரு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

சைனஸ் லிஃப்டில் உண்மையில் தூக்கப்படுவது அந்த அறையின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு மட்டும்தான். முட்டை ஓட்டை உரிக்கும்போது உள்ளே ஒட்டியிருக்குமே ஒரு சவ்வு, ஏறக்குறைய அது மாதிரி. நல்ல நிலையில் இருக்கும்போது அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்தச் சவ்வைக் கிழிக்காமல் எலும்பிலிருந்து மெல்லப் பிரித்து மேலே தள்ளினால், அதற்கும் பழைய எலும்புத் தரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும். அதில் எலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். சைனஸின் தரை ஒரு சென்டிமீட்டர் போல உயர்கிறது. சைனஸிலிருந்து மூக்குக்குச் சளி வடியும் துவாரம் உள்சுவரில் வெகு மேலே இருக்கிறது. தரை இவ்வளவு உயர்ந்தாலும் அந்தத் துவாரத்தை எட்டாது. அதனால்தான் முறையாகச் செய்தால் சைனஸின் வேலை கெடுவதில்லை. குரலும் மாறாது, மூச்சிலும் வித்தியாசம் தெரியாது.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் 1970களின் நடுவில் இதைச் செய்ய ஆரம்பித்தார். பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் 1980இல் இதைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார்கள். ஈறு வழியாகவே செய்யும் எளிய முறையை சம்மர்ஸ் 1994இல் விவரித்தார். நாற்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்கச் செய்யப்பட்டு, நல்லதும் கெட்டதும் எழுதி வைக்கப்பட்ட சிகிச்சை இது.

சரி, சளிக்கு வருவோம். அந்தச் சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண் மயிரிழைகள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, சுரக்கும் சளியைத் துவாரம் இருக்கும் மேல்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அறுவைக்குப் பிறகு சவ்வு சில நாட்கள் வீங்கும். துவாரம் நன்றாகத் திறந்திருந்தால் இந்த வீக்கத்தை சைனஸ் தாங்கிக்கொள்ளும். ஒவ்வாமையாலோ, மூக்குத்தண்டு வளைந்திருப்பதாலோ, மூக்கில் சதை வளர்ந்திருப்பதாலோ துவாரம் ஏற்கெனவே அடைபட்ட நிலையில் இருந்தால், இந்தக் கூடுதல் வீக்கம் அதை முழுக்க மூடிவிடும். உள்ளே சளி தேங்கும், கிருமி பெருகும், புதிதாக வைத்த துகள்களுக்குள்ளும் அது இறங்கிவிடும்.

அதனால் ஸ்கேனில் பார்க்க வேண்டியது எலும்பு உயரம் மட்டும் இல்லை. பல் மருத்துவத்தில் எடுக்கும் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் சில சமயம் மேல்தாடையும் சைனஸின் அடிப்பகுதியும் மட்டும் விழும்படி எடுத்துவிடுகிறார்கள். செலவும் கதிர்வீச்சும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. சைனஸ் லிஃப்டுக்கு அது போதாது என்பது என் கருத்து. சைனஸ் முழுவதும், குறிப்பாக அந்தத் துவாரம் இருக்கும் பகுதியும், படத்தில் வந்திருக்க வேண்டும். உங்கள் ஸ்கேனில் அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

படத்தில் சவ்வு கொஞ்சம் தடித்துத் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் அப்படித்தான் இருக்கும். கூரை போல வளைந்து நிற்கும் சிறிய நீர்க்கட்டியும் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் சைனஸ் பாதிக்கு மேல் வெள்ளையாக நிரம்பித் தெரிந்தாலோ, முகம் கனத்து மூக்கிலிருந்து கெட்டியான சளி மாதக் கணக்கில் வந்தாலோ, முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அவர் மருந்தில் சரிசெய்யலாம், இல்லை எண்டோஸ்கோப் வழியாகத் துவாரத்தை அகலப்படுத்த வேண்டும் என்றும் சொல்லலாம். அது ஆறி, மறுபடி ஸ்கேனில் சைனஸ் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் எலும்பு வைப்பது.

சளி ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் துர்நாற்றத்தோடு வருகிறது என்றால் வேறொரு சந்தேகம் வர வேண்டும். அந்தப் பக்கத்தில் மீதியிருக்கும் பல் ஒன்றின் வேர் நுனியில் சீழ் இருந்து, அது சைனஸுக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யாமல் மூக்குக்கு எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் அடங்காது. உங்களுக்கு வருவது பருவம் மாறும்போது வரும் சாதாரண ஒவ்வாமைச் சளி என்றால், அது இல்லாத மாதமாகப் பார்த்துத் தேதி வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து, செய்யும் முறை. 5, 6 மி.மீ. எலும்பாவது இருப்பவர்களுக்கு ஈறு வழியாகவே செய்யலாம். இம்ப்ளான்ட் போகும் அதே துளை வழியாகச் சவ்வை 3, 4 மி.மீ. உயர்த்தி, அன்றைக்கே இம்ப்ளான்டையும் வைத்துவிடுவார்கள். வீக்கமும் குறைவு. பழைய முறையில் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி உயர்த்துவார்கள். அந்த அதிர்வில் உள்காதில் இருக்கும் நுண்ணிய படிகங்கள் இடம் மாறி, எழுந்து உட்கார்ந்ததும் தலை சுற்றுவது சிலருக்கு நடப்பதுண்டு. தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பிச் செய்யும் பயிற்சியில் அது சரியாகிவிடும். ஏற்கெனவே தலைசுற்றல் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், சுத்தியல் இல்லாத கருவிகளைப் பயன்படுத்தலாம்.

உங்கள் 4 மி.மீ.க்குப் பொதுவாகப் பக்கவாட்டுச் சன்னல் முறைதான். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரத்துப்போகும் ஊசியே போதும். பயம் அதிகம் உள்ளவர்களுக்குத் தூக்க மருந்தும் கொடுக்கலாம். கன்னத்துப் பக்கம் ஈறை விலக்கி, எலும்புச் சுவரில் ஒரு சிறிய சன்னல் திறப்பார்கள். பீசோ என்ற மீயொலிக் கருவியை இன்று பலர் விரும்புகிறார்கள். அது எலும்பை வெட்டும், சவ்வில் பட்டால் எளிதில் கிழிக்காது. உங்களுக்கு வலி தெரியாது. அழுத்தமும் சத்தமும் தெரியும். சுவருக்குள் ஒரு சிறிய இரத்தக் குழாய் ஓடும். அது எங்கே போகிறது என்பதை ஸ்கேனில் முன்பே பார்த்து வைத்திருந்தால் சன்னலை அதைத் தவிர்த்து வெட்டலாம். சைனஸின் தரையில் சிலருக்குக் குறுக்குச் சுவர்கள் இருக்கும். அண்டர்வுட் என்பவர் 1910இல் இவற்றை விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். இந்தச் சுவரின் உச்சியில் சவ்வு இறுக்கமாக ஒட்டியிருப்பதால் அங்கேதான் கிழியும் அபாயம் அதிகம். இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், ஒரு சன்னலுக்குப் பதில் இரண்டாகத் திறந்து சமாளிப்பார்கள்.

சவ்வு கிழிவதுதான் இந்தச் சிகிச்சையில் அதிகமாக நடக்கும் சிக்கல். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், ஐந்து பேரில் ஒருவர் அளவுக்கு இது நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும். சிறிய கிழிசல் என்றால் கொலாஜன் தாளை வைத்து மூடிவிட்டு வேலையைத் தொடரலாம், முடிவில் பெரிய வித்தியாசம் இருக்காது. பெரிய கிழிசல் என்றால் துகள்கள் சைனஸுக்குள் கொட்டிவிடும். அப்போது அன்றைக்கு நிறுத்தி, தையல் போட்டு, சில மாதம் ஆறவிட்டு மறுபடி செய்வதுதான் சரி. அப்படி நிறுத்திவிட்டார் என்பதற்காக அந்த மருத்துவரைத் திறமையில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுத்தத் தெரிந்தவரிடம்தான் நான் என் வீட்டு ஆட்களை அனுப்புவேன்.

நிரப்பும் துகள்களில் பல வகை உண்டு. உங்கள் தாடையிலிருந்தே எடுக்கும் எலும்பு சீக்கிரம் ஒட்டும், ஆனால் கரைந்து சுருங்கவும் செய்யும். எடுத்த இடம் வேறு ஆற வேண்டும். அதிகம் பயன்படுவது பதப்படுத்திய மாட்டு எலும்பின் தாதுப் பகுதி. அது மிக மெதுவாகத்தான் கரையும் என்பதால் உயரத்தைக் காப்பாற்றித் தரும். மனிதக் கொடையாளரின் எலும்பு, முழுக்கச் செயற்கையான கால்சியம் பாஸ்பேட் வகைகள் என்றும் இருக்கின்றன. எதை வைத்தாலும் அது கட்டடம் கட்டும்போது போடும் சாரம் மாதிரிதான். சைனஸின் எலும்புச் சுவர்களிலிருந்து இரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே வளர்ந்து, அந்தச் சாரத்தின் மேல் புது எலும்பைக் கட்டுவது உங்கள் உடம்பு. விலங்கு எலும்போ பிறர் எலும்போ வேண்டாம் என்று தோன்றினால் முன்னாலேயே சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. உங்கள் இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிஆர்எஃப் என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ஈறு ஆற அது உதவுகிறது. அதனால் எலும்பு இரட்டிப்பாக வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

4 மி.மீ. என்பது எல்லைக்கோட்டில் இருக்கும் அளவு. மிச்சமுள்ள எலும்பு ஓரளவு கெட்டியாக இருந்தால், எலும்பு வைக்கும் அன்றே இம்ப்ளான்டையும் வைத்துவிடும் மருத்துவர்கள் உண்டு. சில மாதங்கள் மிச்சமாகும், ஒரு அறுவையும் குறையும். ஆனால் திருகும்போது இறுக்கம் கிடைக்கவில்லை என்றால் பேசாமல் எடுத்துவிட்டு, எலும்பை மட்டும் வைத்துக் காத்திருக்க வேண்டும். உங்கள் மருத்துவர் இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்கிறார். மிருதுவான எலும்பு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். முதல் கட்டத்துக்குப் பிறகு 6 முதல் 9 மாதம் காத்திருப்பு, இம்ப்ளான்ட் வைத்த பிறகு இன்னும் 3 முதல் 6 மாதம், அதற்கு மேல்தான் பல் மூடி. மொத்தத்தில் ஒரு வருடத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இப்படி எலும்பு வளர்த்த இடத்தில் வைக்கும் இம்ப்ளான்ட்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பல வருடம் நிலைத்து நிற்கின்றன.

அறுவை முடிந்த பிறகு காப்பாற்ற வேண்டியது அந்தச் சவ்வை. மூக்கைச் சிந்தக் கூடாது, குறைந்தது இரண்டு வாரத்துக்கு. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. சிந்தும்போது எழும் காற்றழுத்தம் நேராகப் போய் அந்தச் சவ்வைத்தான் தள்ளும். சளி வந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மிவிடுங்கள். உறிஞ்சுகுழலில் குடிப்பது, பலூன் ஊதுவது, புல்லாங்குழல், நாகஸ்வரம் மாதிரி ஊதும் கருவிகள், கனமான பொருளைத் தூக்குவது, விமானப் பயணம், நீருக்குள் மூழ்குவது எல்லாவற்றையும் மருத்துவர் சொல்லும்வரை ஒத்திப்போடுங்கள். தலையணையைக் கூடுதலாக வைத்துப் படுத்தால் வீக்கம் கொஞ்சம் குறையும். இரண்டாம் மூன்றாம் நாளில் கன்னம் நன்றாக வீங்கும், கண்ணுக்குக் கீழே நீலம் பாரிக்கலாம், அதைப் பார்த்து கலங்க வேண்டாம். முதல் ஓரிரு நாளில் மூக்கிலிருந்து லேசாக இரத்தம் கசிவதும், எப்போதாவது ஒன்றிரண்டு துகள் வந்து விழுவதும் நடக்கலாம். கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருப்பவர்கள், அந்த இடத்தை அது அழுத்தாதபடி மருத்துவர் சரிசெய்து தரும்வரை மாட்டக் கூடாது.

வீக்கம் நான்காம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், வாயில் கெட்ட சுவையோடு சீழ் வந்தால், துகள்கள் நிறைய வந்துகொண்டே இருந்தால், இரத்தம் நிற்காவிட்டால் காத்திருக்காமல் அன்றே போய்ப் பாருங்கள்.

உடம்பு விஷயத்தில் மறைக்கக் கூடாதவை சில உண்டு. புகைபிடிப்பவர்களுக்கு இது ஆறுவது மோசம். அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும்வரை தொடாமல் இருக்க முடியுமென்றால்தான் இதில் இறங்க வேண்டும் என்பேன். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ அலென்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்றவற்றில் எதையாவது எடுத்திருந்தால், பல வருடம் முன்பு என்றாலும் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் இவற்றோடு வருகிறது. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை எழுதிக் கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இது தேவையா என்ற முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. மாற்று வழிகள் இருக்கின்றன. 6 மி.மீ. அளவில் குட்டை இம்ப்ளான்ட்கள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. ஐந்து வருடம் வரை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், சைனஸ் லிஃப்ட் செய்து வைத்த நீளமான இம்ப்ளான்ட்களுக்கு அவை பெரிதாகப் பின்தங்கவில்லை. ஆனால் அதற்கு 5, 6 மி.மீ. எலும்பாவது வேண்டும். உங்கள் அளவைப் பல் இருந்த இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்பக்கத்து இடத்தில் 6 மி.மீ. இருந்து, பின்னால் மட்டும் 4 என்றால் கதையே மாறும். ஒரே ஒரு குட்டை இம்ப்ளான்டோடு முடித்துவிட முடியலாம். பிரிட்ஜ் கட்டலாம் என்றால் பின்னால் தாங்கப் பல் இல்லை. கழற்றி மாட்டும் பல் எப்போதும் ஒரு வழிதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கன்னத்து எலும்பில் வைக்கும் நீண்ட இம்ப்ளான்ட் மேல்தாடைப் பற்கள் மொத்தமாகப் போனவர்களுக்கான வழி. இரண்டு பல்லுக்காக அதில் இறங்க வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வு. முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் நன்றாக இருந்தால் பின்கடைவாய்ப்பற்கள் இல்லாமலேயே பலரால் போதுமான அளவு மெல்ல முடிகிறது என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் கைசர் 1980களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். நான்கு வருடம் வலப்பக்கத்தில் வசதியாக மென்றுவிட்டீர்கள், கீழ்ப்பல் மேலே எழும்பி வரவும் இல்லை என்றால், கடைசிப் பல்லை விட்டுவிடுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். ஆனால் மெல்லவே சிரமமாக இருக்கிறது, உடம்பும் ஒத்துழைக்கிறது, சைனஸும் தெளிவாக இருக்கிறது என்றால் லிஃப்டுக்குத் தயங்க வேண்டாம். எலும்பு குறைந்தவர்களுக்கு நிலையான பல்லைத் தந்த நல்ல சிகிச்சை இது.

அடுத்த முறை போகும்போது ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சளித் துவாரம் திறந்திருக்கிறதா, தரையில் குறுக்குச் சுவர் இருக்கிறதா, எந்தத் துகளை வைக்கப் போகிறார், சவ்வு கிழிந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். அடிக்கடி சளி பிடிக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டுத் தேதி வாங்குங்கள். அந்த வாரம் சளி பிடித்துக்கொண்டால், எவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய தேதியாக இருந்தாலும் தள்ளிப்போடச் சொல்லிவிடுங்கள்.